தாணேக் கழியோரத்து நரிகள்

2024 அக்டோபரில் செம்பூர், திராம்பே வட்டாரத்தில் நரிகள் சில அடுத்தடுத்து இறந்தன. அவற்றுள் இரண்டின் உடல்களைச் சோதித்தபோது வெறிநோய் உறுதியாயிற்று. மாநகரின் இரைச்சலுக்கு நடுவே நரி வாழ்கிறது என்பதே பலருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும். தாணேக் கழியின் கரைகளில் அலையாத்திக் காடு எஞ்சியுள்ள மட்டும் அதுவும் எஞ்சியிருக்கிறது. நண்டையும் எலியையும் தின்கிறது; இரவில் குப்பைமேட்டுக்கும் வருகிறது. தெருநாயை அது எதிர்கொள்ளும் இடம் அதுதான்.

வெறிநோய் கண்ட விலங்கு சில நாள்களில் மடிந்துவிடும். ஆகையால் சிறிய நரிக்கூட்டத்தில் அத்தொற்று நெடுங்காலம் நிலைப்பது அரிது. அதை அணையாமல் காப்பது எண்ணிக்கையில் மிகுந்த நாய்த்திரளே. நரிதான் நகருக்கு நோயைக் கொணர்ந்தது என்பது காரணத்தைத் தலைகீழாக்குவதாகும்.

கழிக்கு மேற்கே, யேவூர்க் குன்றுகளை உள்ளடக்கிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் கதை வேறு. அங்குள்ள சிறுத்தைகளின் உணவில் ஏறத்தாழ 40 விழுக்காடு நாய் என்றும், ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்கள் இரையாகின்றன என்றும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாய்க்கடி குறைவதால் மனிதருக்கு நன்மை என்பது அதன் வாதம், தவறன்று. ஆனால் சிறுத்தையின் பக்கமிருந்து அக்கணக்கைப் பார்த்தவர் குறைவு. ஒவ்வோர் இரையும் கேனைன் டிஸ்டம்பர் வைரசைச் சுமந்து வரக்கூடும். தட்டம்மைக் கிருமியின் நெருங்கிய உறவான அது, நாய் இனத்தோடு நிற்பதில்லை. 1994இல் செரங்கெட்டிச் சிங்கங்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனால் அழிந்தது. 2018இல் கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் 23 சிங்கங்கள் மடிந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. சோலாப்பூரை அடுத்த நான்னஜ் புல்வெளியில் ஆராயப்பட்ட வளர்ந்த நாய்களுள் பத்தில் ஒன்பது இவ்வைரசை ஏற்கெனவே எதிர்கொண்டிருந்தன. மும்பை நாய்கள் மட்டும் விதிவிலக்காக இருக்க முகாந்திரமில்லை.

பூனைகளைக் குறித்தோ பேச்சே எழுவதில்லை. இதே பூங்காவில் துரும்பன் பூனையும் வாழ்கிறது. வீட்டுப் பூனையின் பான்லூக்கோபீனியா வைரசோ மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும்.

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க்குக் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் வலியுறுத்துகின்றன. நாய்களுள் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி எட்டினால் வெறிநோய்ச் சங்கிலி அறும்; நரிகளுக்கு அதுவே போதும். டிஸ்டம்பருக்கு அந்த வழி எளிதன்று. குட்டிகள் ஓயாது பிறந்து மடியும் திரளில், இன்று ஊசி போட்ட நாயின் இடத்தில் அடுத்த ஆண்டு வேறொரு நாய் நிற்கும். அங்கே முதலில் தொட வேண்டியது யேவூர் எல்லையில் கொட்டப்படும் எச்சிலுணவை.