யாரு காசு குடுத்தா?

எங்கள் பூட்டன் பெரிய கங்காணி என்று வீட்டில் சொல்வார்கள். பக்கத்து லயத்திலும் அதே கதைதான். பூனாகலையில் மட்டுமல்ல, ஊவாவில் எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் ஒரு பூட்டன் கங்காணியாக இருந்திருக்கிறார். அப்படியானால் காடு வெட்டியது யார், கொழுந்து எடுத்தது யார்? இந்த எரிச்சல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உறவினர் ஒருவரின் நினைவு மலரில், பூட்டன் 'தொழிலாளரின் பிரதிநிதியாக நின்று துரையிடம் பேசியவர்' என்று அச்சாகி வந்தபோது அது முற்றிவிட்டது. பிரதிநிதியா? யார் அனுப்பிய பிரதிநிதி?

படித்தவன் செய்கிற முதல் காரியத்தைத்தான் செய்தேன். கங்காணி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கல்வெட்டுப் புத்தகங்களைத் தேடிப் போனேன். சோழர் காலக் கோயில்களில் கண்காணி இருந்திருக்கிறார். வரவு செலவு சரியாக நடக்கிறதா என்று மேற்பார்த்திருக்கிறார். ஆயிரம் வருஷத்துச் சொல் நம் பெரட்டுக்களத்தில் நின்றதே என்று கொஞ்ச காலம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பூனாகலையில் எனக்குத் தாத்தா முறையான ஒருவரிடமும் சொன்னேன். தோட்ட வேலையில் ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அத விடு தம்பி. கங்காணிக்கு யாரு காசு குடுத்தா?" என்றார்.

தோட்டம்தான் என்றேன்.

"எதுக்குக் குடுத்துச்சு?"

அதற்குப் பிறகு நான் எதைக் கொண்டுபோனாலும் அந்தக் கேள்வியைத்தான் போட்டார். வாயைப் பிடுங்கலாம் என்று வெற்றிலை வாங்கிக்கொண்டு போனேன். வெற்றிலையை வாங்கிக்கொண்டார், கேள்வியை மாற்றவில்லை. எரிச்சலாக இருந்தது. ஆனால் சோழரை விட்டுச் சம்பளக் கணக்கின் பக்கம் நான் திரும்பியது அவரால்தான்.

கணக்கு இதுதான். கங்காணியின் கும்பலில் ஒவ்வொரு ஆளும் வேலைக்கு வந்து பேர் விழுகிற ஒவ்வொரு நாளுக்கும் தோட்டம் அவருக்குச் சில சதம் கொடுத்தது. பென்ஸ் காசு, தலைக்காசு என்றெல்லாம் அதற்குப் பெயர். காய்ச்சலில் ஒருத்தி லயத்தில் படுத்துவிட்டால் அன்றைக்குக் கங்காணிக்கும் நட்டம். கங்காணி ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த செலவு முழுக்க அவர்கள் தலையில் கடன். அந்தக் கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்தில் பேசுவார். அந்தத் தோட்டம் பணத்தைக் கட்டும், கும்பல் மலை மாறும், கடன் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

அதே கங்காணிதான் கலியாணம் பேசி முடித்தார், லயத்துச் சண்டையைத் தீர்த்தார், அரிசி குறைந்தால் துரையிடம் போய் நின்றார். இதையும் மறைக்கக் கூடாது. நினைவு மலர் சொன்னது முழுப் பொய் இல்லை. பேசினார்தான், ஆனால் பேசச் சொல்லி ஆட்கள் அனுப்பியவர் அல்ல.

1923இல் இந்திய அரசின் ஏஜெண்டு கண்டிக்கு வந்தார், தொழிலாளர் நலனைக் கவனிக்க. தாத்தாவிடம் சொன்னேன். "சம்பளம் டெல்லியிலதானே?" என்றார். நடேசய்யரைச் சொன்னேன். தோட்டம் தனியார் நிலம் என்பதால், புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே நுழைந்து தொழிலாளரிடம் பேசினார் என்று மலையகத்தில் இன்றும் சொல்கிற மனிதர். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அதற்கு மட்டும் தாத்தா தலையாட்டினார்.

பிறகுதான் 1940 கிடைத்தது. அந்த ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீஸ் குண்டுக்கு இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் மே மாதம் நம் பதுளைப் பக்கம் வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை. சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் முன்னின்ற வேலைநிறுத்தம் அது. தொழிலாளர் தாங்களே ஒரு கவுன்சிலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனோடு கலந்து பேசியே நிர்வாகம் செய்கிறேன் என்று துரை ஒத்துக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் போலீஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துக்கொண்டார்கள்.

இதை வாசித்த அன்று மழையையும் பார்க்காமல் தாத்தா வீட்டுக்கு ஓடினேன். "இவங்களுக்கு ஒருத்தனும் காசு குடுக்கல தாத்தா. ஆளுங்களே பொறுக்கி எடுத்தது" என்றேன்.

"எத்தன நாளு நின்னுச்சு?"

அதிக நாள் இல்லை. வெள்ளம் வந்து ஊவா ஒரு வாரத்துக்கு மேல் நாட்டோடு தொடர்பற்றுக் கிடந்தது. போலீஸ் அடக்குமுறை வேலைநிறுத்தங்களை முறித்தது.

இன்றைக்கு நமக்குச் சங்கத்தின் தோட்டத் தலைவர் இருக்கிறார். சாவு வீட்டுக்கும் அவர், பிறப்புச் சான்றிதழுக்கும் அவர். ஆனால் சங்கச் சந்தாவை நெடுங்காலமாகச் சம்பளத்தில் வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பியது தோட்ட ஆபீஸ். 1990களிலிருந்து கம்பெனிகளும் பெரிய சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் பேசிவந்தார்கள். 2021இல் சம்பளச் சபை நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று தீர்மானித்ததும் கம்பெனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. தலைவர் கங்காணி இல்லை. அவரை மாற்ற ஆட்களால் முடியும், கங்காணியை முடியாது. இதைத் தாத்தாவிடம் வாதாடிப் பார்த்தேன். "மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

பதுளை, ஹாலிஎல பக்கம் வயசாளிகள் இருக்கிற வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். வேவெஸ்ஸ கவுன்சிலில் உட்கார்ந்தவர்கள் யார் என்று அவர்களிடம் கேட்டு, கிடைக்கிற பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கங்காணிமாரின் பெயர்கள் ஏற்கெனவே போதுமான அளவு அச்சாகியிருக்கின்றன.