தந்தை பெயர் இல்லாதவன்

கிரேக்கப் புராணங்களைப் படிக்கப் புகும் மாணவரை முதலில் மயக்குவன பெயர்களே. ஹோமரின் இலியட்டிலே ஏஜாக்ஸ் என்ற பெயருடைய வீரர் இருவர். ஒருவன் சலாமிஸ் தீவினனான டெலமோனின் மகன். மற்றவன் லோக்ரிஸ் நாட்டினனான ஒயிலியஸின் மகன். இருவரையும் பிரித்தறியத் தந்தை பெயரே துணை. ஆயின், தந்தை பெயர் வெறும் அடையாளந்தானா? உரிமை கோருவதற்கு அது ஒரு சாசனமாகவும் பயன்பட்டதை நாம் மறத்தலாகாது.

கி. மு. 6ஆம் நூற்றாண்டிலே ஏதென்ஸும் மெகாராவும் சலாமிஸ் தீவுக்காகப் பொருதன. ஏஜாக்ஸ் தன் 12 கப்பல்களையும் ஏதென்ஸ் படையின் அருகே நிறுத்தினான் என்னும் இலியட் செய்தியை ஏதென்ஸ் சான்றாகக் காட்டிற்று. அது இடைச்செருகலென்று பண்டைக் காலத்திலேயே குற்றஞ் சாட்டப்பட்டது. கி. மு. 508ஐ அடுத்துக் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் பத்துக் குலங்களாக வகுத்தபோது, ஒரு குலத்துக்கு ஏஜாக்ஸின் பெயர் சூட்டப்பட்டது. அயலான் இவ்வாறு குலமுதல்வனானான்.

இனி, இக்குடிவழிகளின் புறத்தே நின்றோரை நோக்குவோம். போர்க் கொள்ளையாகப் பங்கிடப்பட்ட பெண்கள் இருவரைக் கிரைசியிஸ், பிரைசியிஸ் என்கிறது காவியம். 'கிரைசிஸின் மகள்', 'பிரைசியஸின் மகள்' என்பதே அவற்றின் பொருள். வீரனுக்குத் தன் பெயரும் உண்டு, தந்தை பெயரும் உண்டு. சிறைப்பட்ட பெண்ணுக்கோ தந்தை பெயர் மட்டுமே எஞ்சியது.

தெர்சைட்டீஸின் நிலை இதனினும் வேறு. அகமெம்னனின் பொருளாசையைப் படையின் நடுவே நின்று கண்டித்தவன் அவன். அவனுக்கு ஹோமர் தந்தை பெயரும் தரவில்லை, ஊரும் தரவில்லை. அவனை அவலட்சணமானவனென்று மட்டும் விரிவாக வருணிக்கிறார். ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடிக்கிறான். அடிபட்டவன் அழ, படையினர் நகைக்கின்றனர். அவன் பேச்சுக்கு மறுமொழியாகக் கிடைத்தது அந்த அடியே.

பிற்காலத்தார் அவனையும் விட்டுவைக்கவில்லை. ஏட்டோலியா நாட்டு அரச குடும்பத்தில் அவனுக்கு ஒரு தந்தையைத் தேடிக் கொடுத்து, டையோமிடீஸ் என்னும் வீரனுக்கு உறவினனாக்கினர். அரசனை எதிர்த்துப் பேசியவன் அரச குலத்தவனாகவே இருந்திருக்க வேண்டுமென எண்ணினர் போலும்!

வகுப்பறையிலே கிரேக்க வீரரின் குடிவழியைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர், அதன் ஓரத்திலே தெர்சைட்டீஸின் பெயரையும் எழுதட்டும். அவன் தந்தை யார் என்று மாணவர் கேட்பர். அவன் என்ன சொன்னான் என்பதை முதலில் படிக்குமாறு நாம் அவர்களிடம் கூறுவோம்.