வெள்ளித்தாள்

ஆகஸ்டு 15 எங்கள் பள்ளிக்கு இரட்டைத் திருநாள். காலையில் கொடியேற்றம், மாலையில் தேவமாதாவின் விண்ணேற்பு விழா. அன்று பாடவிருந்த பாடலுக்கு ஒத்திகை நடக்கையில் கிட்டார் ஆம்ப்ளிபயர் ஊமையாயிற்று. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கும் பள்ளத்தாக்கில், கிட்டார் இல்லாமல் விழாவா என்று எங்களுக்கு ஒரு வீம்பு. நாங்களே ஏதோ செய்தோம். இரண்டு நிமிடம் உறுமியது. பிறகு கருகல் வாடை!

"கரண்டு கூடிப் போயிருக்கும் சிஸ்டர்" என்றோம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தோழியின் தாய்மாமா குச்சனூரில் மைக்செட் கடை வைத்திருக்கிறார். ஆடிச் சனிக்கிழமை போனால் அவரைப் பிடிக்க முடியாது. சனீஸ்வரர் கோயில் கூட்டத்தில் சுரபி நதிக்கரையே நிரம்பிவிடும். ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும், சிஸ்டரும் நாங்கள் நால்வரும் பெட்டியுடன் பஸ் ஏறினோம்.

மாமா முதலில் ப்யூஸைக் கழற்றினார். ஒரு கணம் பார்த்தார். பேசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்குத் திக்கென்றது.

அடுத்து டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடுகளின்மேல் தனித்தனியாக இரு கம்பிச் சுருள்கள்; ஒன்றில் 230 வோல்ட் மாறுமின்சாரம் கொடுத்தால் மற்றதில் குறைந்த வோல்ட் பிறக்கும். 1831-இல் பாரடே கண்டதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள். தொட்டுப் பார்த்தது அன்றுதான். மீட்டரை வைத்தார். இரு சுருளிலும் முள் நகர்ந்தது, கம்பி அறவில்லை. சுருளுக்கும் இரும்புக்கும் இடையே முள் அசையவில்லை, கசிவும் இல்லை. போன உயிர் திரும்பியது எங்களுக்கு.

"அவசரப்படாதீங்க தாயி" என்றார் மாமா. எனாமல் கருகி அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிக்கொண்டால், நூற்றுக்கணக்கான சுற்றில் நாலைந்து குறைவதை மீட்டர் காட்டாதாம். இரண்டாம் சுருளின் கம்பிகளை எல்லாம் பிரித்துவிட்டு, முதல் சுருளோடு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்தார். எங்களை எட்டி நிற்கச் சொல்லிச் சுவிட்சைப் போட்டார். நல்ல டிரான்ஸ்பார்மர் என்றால் பல்பு மினுங்கி அடங்கவேண்டும். அதுவோ பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது.

மாமா பையிலிருந்து ப்யூஸை எடுத்தார். அதைச் சுற்றிச் சாக்லேட் வெள்ளித்தாள். "டயோடு ஒண்ணு ஷார்ட்டாகியிருக்கு. ப்யூஸ் தன் வேலையைப் பார்த்துப் போயிருச்சு. அதுமேல இதைச் சுத்துனது யாரு?"

சிஸ்டர் எங்களைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"நாங்கதான் சிஸ்டர்."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்தான்."

விழாவில் ஆர்மோனியத்துடன் பாடினோம். கம்பிச் செலவுக்கு எங்கள் உண்டியல்கள் உடைந்தன. சுற்றுக்கூலியை மாமா வாங்கவில்லை. அடுத்த வாரம் ஆம்ப்ளிபயர் வந்தது. ப்யூஸ் கூட்டின் அருகே 'ஒரு ஆம்பியர் மட்டும்' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் இப்போது ஒரு பழைய மிட்டாய் டப்பா இருக்கிறது. உள்ளே பத்து ப்யூஸ். சிஸ்டர் வாங்கி வைத்தது.