கொத்தனாருக்கும் டென்ஷன் உண்டு

"ஆபீஸ்ல ஒரே டென்ஷன்"னு நாம சொன்னா வீட்டுல காபி வரும். சாரத்துல நிக்கிற கொத்தனார் அதையே சொன்னா, "இவனுக்கென்னய்யா டென்ஷன்?"னு சிரிப்பாங்க.

அபுதாபிக்கு வருமுன் இரண்டு வருஷம் திருவனந்தபுரம் கழக்கூட்டம் பக்கம் ஒரு அடுக்குமாடி சைட்டில் இன்ஜினியராக இருந்தேன். கொத்தனார்களில் பாதிப்பேர் கன்னியாகுமரி, நெல்லைக்காரர்கள். எழுபதுகளில் இருந்து மலையாளிகள் வளைகுடாவுக்குக் கிளம்ப, அந்தப் பணத்தில் அங்கே வீடுகள் எழும்ப, கட்டப் போனது நம்மவர்கள். பிறகு வங்காளம், அசாம், ஒடிசா, பீகாரில் இருந்து வந்தார்கள். 2013-ல் திருவனந்தபுரம் குலாத்தி நிறுவனம் செய்த ஆய்வு, கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்று கணக்கிட்டது.

பாரம் தூக்குவது கஷ்டம்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அது இல்லை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வேலை நின்றால் கூலியும் நிற்கும், ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. அடுத்தது பாக்கி. எங்கள் கான்ட்ராக்டர் எப்போதும் ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைத்திருப்பார், ஆள் ஓடிவிடக் கூடாதாம்! தட்டிக் கேட்டால் அந்தப் பணம் போச்சு. ஒரு மேஸ்திரி சொன்னார்: "ஒசரத்துக்குப் பயமில்ல சார், சனிக்கிழமைக்குத்தான் பயம்."

அப்புறம் அவசரம். ரூஃப் கான்கிரீட்டை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது, ஜாயின்ட்டில் பின்னால் ஒழுகும். ஓனர் பில்டரை விரட்ட, பில்டர் எங்களை விரட்ட, நாங்கள் மேஸ்திரியை, மேஸ்திரி கையாளை. கையாளுக்குக் கீழே விரட்ட ஆளில்லை. சிலருக்கு ராத்திரி பாட்டில்தான் துணை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2021-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர். இவர்களில் பல தொழில்காரர்களும் உண்டு, ஆனாலும் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியவில்லை.

வெயிலுக்காவது வழி பிறந்திருக்கிறது. கோடையில் கேரள தொழிலாளர் துறை பகல் 12 முதல் 3 வரை வெளிவேலைக்கு ஓய்வு விடச் சொல்கிறது. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12.30-லிருந்து 3 மணி வரை. கூலியைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. சைட்டில் நின்று கேட்கத்தான் ஆளில்லை.

ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு போனில் விரட்டுகிற நாமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். அடுத்த தடவை பணம் அனுப்பும்போது "வேலை எவ்வளவு ஆச்சு?" என்பதோடு, "சனிக்கிழமை எல்லாருக்கும் கூலி கொடுத்தாச்சா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்களேன்.