மூன்று படங்களும் ஒரு தொப்பியும்

திரையரங்குக்கு அடிக்கடி செல்லும் பழக்கம் எனக்கில்லை. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மொத்தமே மூன்று படங்களைத்தான் அங்கு சென்று பார்த்தேன். அவற்றைப் பற்றி மனத்தில் பட்டதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதை விமர்சனமாகக் கொள்ள வேண்டாம். விமர்சனம் எழுதும் தகுதியும் எனக்கில்லை.

எங்கள் வீட்டில் சினிமா என்பது சத்தமாகப் பேசப்படாத ஒன்று. படத்துக்குப் போனால் ஒரு வக்துத் தொழுகையாவது தவறிவிடும் என்பது அத்தாவின் கணக்கு. அப்படிச் சொல்லி எங்களைத் தடுத்தவர், இளமையில் மதுரை தங்கம் தியேட்டரில் தாம் பார்த்த படங்களை முதுமையில்தான் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். 1952இல் ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்ட அந்த அரங்கில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. “அத்தனை பேரும் ஒரே நேரத்துல சிரிப்பாங்க பாரு, அதைக் கேட்கவே போகலாம்” என்பார். தங்கம் இன்று இல்லை. அத்தாவும் இல்லை.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பார்த்தபோதுதான். 2024 பிப்ரவரியில் வெளிவந்த மலையாளப் படம். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த ஓர் இளைஞரை நண்பரே குழிக்குள் இறங்கி மீட்டெடுத்த உண்மை நிகழ்வு அது. முதல் பாதியில் இளைஞர்களின் கும்மாளமும் குடியும் எனக்குச் சற்று அதிகமாகவே பட்டன. ஆனால் குழிக்குள் ஒருவன் விழுந்த பிறகு அரங்கில் மூச்சு விடும் ஓசைகூடக் கேட்கவில்லை. கயிறு மேலே ஏற ஏற, என் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் அறியாத பெரியவர் என் முன்கையை இறுகப் பற்றிக்கொண்டார். விளக்கு எரிந்ததும் வெட்கப்பட்டுக் கையை எடுத்தார். இருவரும் சிரித்துக்கொண்டோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரை அவரும் கேட்கவில்லை. திரையரங்கின் சிறப்பே அதுதான் என்று அன்று எண்ணினேன்.

அதே ஆண்டு தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பள்ளித் தோழனுடன் பார்க்க விரும்பினான். அருகிலிருந்த பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு, தலையில் போட்ட தொப்பியோடு அப்படியே அரங்கிற்குள் வந்தான். தோழன் எங்களுக்காக வாசலில் காத்திருந்தான்.

2014 ஏப்ரலில் காஷ்மீரில் உயிர்நீத்து, அசோகச் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை அது. அவர் மனைவியாக நடித்த சாய் பல்லவி, பல இடங்களில் பேசாமலேயே நம்மை அழவைக்கிறார். அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு நானும் கண் கலங்கினேன். கலங்காதவர் அன்று அரங்கில் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் திரையில் துப்பாக்கி ஏந்தி எதிரில் வந்தவர்களின் பெயர்கள் எங்கள் தெருவில் அன்றாடம் கூப்பிடும் பெயர்களாக இருந்தன. அவர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது அரங்கு அதிரக் கைதட்டல் எழுந்தது.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. மகனின் தலையில் தொப்பி இல்லை.

“தொப்பி எங்கேப்பா?”

“வேர்க்குது அத்தா.”

குளிர்சாதனம் நடுங்க வைத்துக்கொண்டிருந்த அரங்கம் அது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தோழன் மூவருக்கும் சோளப்பொரி வாங்கி வந்து நீட்டினான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவன்மேல் தவறும் இல்லை.

வீடு திரும்பிய பின்னும் அந்தத் தொப்பியே மனத்தில் நின்றது. ஒரு படத்தை மட்டும் குற்றம் சொல்லி முடிந்துவிடும் செய்தியன்று இது. நம் பெயருடையவன் திரையில் வந்தால் குண்டு வைக்க வேண்டும். இல்லையேல் நாயகனுக்காக உயிர்விடும் நண்பனாக இருக்க வேண்டும். பால்காரனாகவோ, வாத்தியாராகவோ, மாமியாரோடு மல்லுக்கட்டும் மருமகனாகவோ அவன் வருவது அரிது. தடை கேட்பதும் தீர்வாகவில்லை. 2013இல் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் தடுக்கப்பட்டது. சில வெட்டுகளுக்குப் பின் பிப்ரவரி 7ஆம் நாள் வெளிவந்து கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்டது. அந்தத் தடையால் நம்மைப் பற்றிய நல்ல கதை ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

மூன்றாவது படம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. 2025 மே முதல் நாள் வெளியானது. இம்முறை என் மாமியாரும் உடன் வந்தார். முப்பது ஆண்டுகளாகத் திரையரங்கை எட்டிப் பார்க்காதவர். வெள்ளைத் துப்பட்டியும் கைப்பையுமாகப் புறப்பட்டார். கைப்பைக்குள் முறுக்கு இருந்தது வாசற்காவலர் சோதித்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. வெளி உணவுக்கு அனுமதி இல்லையாம். “வீட்டுப் பலகாரத்துக்கு என்னப்பா பயம்?” என்று கேட்டபடியே அதை ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்தார். உள்ளே சோளப்பொரியின் விலையைக் கேட்டபோது அவர் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் பிழைக்க வழியின்றிக் கடல் கடந்து வரும் குடும்பம், சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து வாழ்கிறது. அவர்கள் வந்து இறங்கிய ராமேஸ்வரத்தில் குண்டு வெடிக்க, காவல்துறையின் சந்தேகம் அவர்கள்மீது விழுகிறது. ஒருவரோடொருவர் பேசிப் பழகாத அந்தத் தெரு, அவர்கள் காட்டும் அன்பால் மெல்ல மாறுகிறது. ஒரே தெருவில் இத்தனை நல்லவர்களா என்று சில இடங்களில் தோன்றத்தான் செய்தது. சசிகுமாரின் எளிமையும் சிம்ரனின் நிதானமும் அக்குறையை மறக்கச் செய்தன. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஜும்ஆ பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று அதைக் கண்ணால் கண்டேன்.

மாமி பதறிப்போய், “இந்தப் புள்ளைங்களைப் பிடிச்சுக் குடுத்துர மாட்டாங்கல்ல?” என்று உரக்கவே கேட்டுவிட்டார். முன் வரிசையிலிருந்து ஒரு பெண்மணி திரும்பி, “மாட்டாங்கம்மா, பயப்படாதீங்க” என்றார். அரங்கமே சிரித்தது. அத்தா சொன்ன சிரிப்பு அது.

திரும்பும்போது ஆட்டோவில் மகன் தானாகவே பேசினான்.

“அத்தா, இவங்களையும் குண்டு வச்சவங்கன்னுதானே தேடுறாங்க? ஆனா எல்லாரும் இவங்க பக்கம் இருந்தாங்களே?”

“இவங்க வீட்டுக்குள்ள நம்மளைக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சாங்கல்ல, அதனால.”

சிறிது நேரம் அமைதியாக இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அன்னைக்கு யாரும் என்னை ஒண்ணும் சொல்லல அத்தா. எனக்கே கழட்டணும்னு தோணிச்சு.”

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவன் தோளில் கை வைத்துக்கொண்டேன். கைதட்டியவர்களும் கண்ணீர் விட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஊர் மக்கள்தாம். எந்த வீட்டின் கதவைக் கதை திறந்து காட்டுகிறதோ, அந்த வீட்டுக்காக அவர்கள் அழுகிறார்கள். நம் வீட்டுக் கதவை நாம்தான் திறக்க வேண்டும். நம் பிள்ளைகளில் எவரேனும் எழுதவோ படமெடுக்கவோ ஆசைப்பட்டால், “இதெல்லாம் நமக்கெதுக்கு?” என்று அத்தாக்களாகிய நாம் இனியும் சொல்லாதிருப்போமாக.

“அடுத்த தடவை முறுக்கைத் துப்பட்டிக்குள்ள வச்சுக்கிறேன்” என்றார் மாமி. மகன் சிரித்தான். “இதையே படமா எடுக்கலாம் நன்னி” என்றான்.