ஏறுவது சுலபம்... இறங்குவது?

கிஸாவில் ஒட்டகத்தின் மேல் ஏறுவது சுலபம். இறங்கத்தான் காசு!

கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு 4,500 வருஷமாக நிற்கிறது. சுமார் 23 லட்சம் கற்களாம். 2019-ல் போயிருந்தபோது அண்ணாந்து பார்த்து 'ஆஹா' என்று திறந்த வாயை மூடுவதற்குள் சுற்றிலும் நாலு பேர். "இண்டியா? அமிதாப் பச்சன்!" என்று உறவு கொண்டாடினார்கள். (ரஜினி என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், விலை குறையவில்லை.)

ஒருத்தர் தலையில் துணியைக் கட்டிவிட்டு "கிஃப்ட், மை ஃப்ரெண்ட்!" என்பார். போட்டோ எடுத்ததும் கை நீளும். இன்னொருத்தர் அதிகாரி தோரணையில் டிக்கெட்டைக் கேட்பார். கொடுத்தீர்களோ, அவர்தான் கைடு! டிக்கெட் திரும்பி வரும்வரை அவர் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

கூட வந்த ஆபீஸ் நண்பர் ஒட்டகத்தில் ஏறினார். ரேட் ரொம்ப மலிவு. பத்து நிமிஷம் சுற்றிவிட்டு "இறக்கி விடுப்பா" என்றால், ஒட்டகக்காரர் காது கேட்காத மாதிரி நிற்கிறார். பேசியது ஏறுவதற்கு மட்டுமாம்! அந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பேரம் பேச முடியுமா, சார்? ஆள்தான் மேலே, கை கீழே! மூணு மடங்கு கொடுத்த பிறகே நண்பர் தரையைத் தொட்டார்.

அடுத்து என் முறை. ஏறுவதற்கு முன்பே கேட்டேன்: மொத்தம் எவ்வளவு? இறக்கி விடுவதும் சேர்த்தா? எந்த ஊர் பவுண்டு? கடைசிக் கேள்விதான் முக்கியம். எகிப்துப் பணமும் பவுண்டு, இங்கிலாந்துப் பணமும் பவுண்டு. 'ஃபிஃப்டி' என்று மொட்டையாகப் பேசிவிட்டு, அப்புறம் "பிரிட்டிஷ் பவுண்டு" என்று சாதிக்கிறவர்கள் உண்டு. பணம் இறங்கிய பிறகுதான் என்றும் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

அவர்களையும் ரொம்பத் திட்ட மனசு வரவில்லை. 2011 புரட்சிக்குப் பிறகு டூரிஸ்ட் வரத்து விழுந்து, ஒட்டகத்துக்குத் தீனி போடவே திண்டாடியவர்கள். 2025-ல் புது நுழைவாயில், மின்சார பஸ் என்று ஏற்பாடு செய்து, ஒட்டகங்களைத் தனி இடத்துக்கு ஒதுக்கியபோது எதிர்த்து நின்றதும் அதே வயிற்றுப்பாட்டுக்காகத்தான்.

நான் இறங்கி, பேசிய தொகையை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"பக்‌ஷீஷ்?"

"அதான் கொடுத்தாச்சே!"

"எனக்கில்லை சார், ஒட்டகத்துக்கு!"

ஒட்டகத்தைப் பார்த்தேன். அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.