வாரிசு யார்?

17.10.2023, செவ்வாய்

ஒரே பாலினத்தவர் திருமண வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. இ-சேவை மையத்தில் கூட்டம். ஒரு காதில் மட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உச்ச நீதிமன்ற நேரலையைக் கேட்டேன். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக இருக்கிறார்கள். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தி எழுதுவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்பதிலும் அப்படியே. திருமணம் என்று சொல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்வதற்கு அரசு ஓர் அங்கீகாரமாவது கொடுக்க வேண்டும் என்றார்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் கவுலும். ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அதற்கும் ஒப்பவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வேறு செய்தி. ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் பட்டாசு ஆலைகளில் வெடிவிபத்து. தீபாவளி நெருங்குகிறது, பயர் ஆபீஸ்கள் முழு ஓட்டத்தில் இருக்கும் நேரம். ஏழாயிரம்பண்ணை முழுக்க போன் அடித்தபடியே இருந்தது. எல்லாருக்கும் தேட ஓர் ஆள் இருந்தது.

18.10.2023, புதன்

14 பேர். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் என்று முதல்வர் அறிவித்திருக்கிறார்.

பணம் கைக்கு வர வாரிசுச் சான்று வேண்டும். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் செத்தபோது இந்த மேஜையில் அதைத்தான் மாதக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருந்தேன். உறவுமுறை என்ற கட்டத்தில் கணவன், மனைவி, மகன், மகள், தாய், தந்தை. பிறகு வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. விசாரணை, தாசில்தார் ஒப்புதல். செத்தவருக்கு நீ யார் என்று அரசாங்கம் கேட்கிற இடம் அதுதான். நேற்றைய தீர்ப்பு டெல்லிப் பிள்ளைகள் விவகாரம் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். இந்தக் கட்டத்தை அவர் இன்னும் நிரப்பிப் பார்க்கவில்லை.

20.10.2023, வெள்ளி

தெற்குத் தெரு அக்காமார் இருவரும் வந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ரெண்டு பொம்பளைக ஒண்ணாக் கெடக்காக" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரே அடுப்பு, ஒரே சீட்டு, கூட்டாகக் கட்டிய ஓட்டு வீடு. பட்டா மட்டும் பெரியக்கா பேரில். அவளுக்குப் பயர் ஆபீஸில் சக்கரத்தில் மருந்து செலுத்துகிற வேலை, சின்னக்காவுக்குப் பெட்டி போடுகிற வேலை. சாயங்காலம் அவர்கள் திண்ணையைக் கடந்து போனால் பார்க்கலாம்: அலுமினியப் பவுடர் ஏறி ஈயம் பூசினதுபோல மின்னும் பெரியக்காவின் விரல்களை மடியில் வைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு, நகக்கண் வரைக்கும் சின்னக்கா துடைத்து எடுப்பாள்.

இன்றைக்குச் சின்னக்கா கேட்டாள்: "பாப்பா, இவளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எனக்குச் சேதியாச்சும் சொல்லுவாகளா?"

பெரியக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இல்லை. ஒரு தம்பி மட்டும் திருப்பூரில், பேச்சுவார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள், வாரிசுச் சான்றும் அவனுக்குத்தான். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் சார்ந்திருப்போர் பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது, அதில் சின்னக்காவுக்கு இடமில்லை. உள்ளதைச் சொன்னேன். பெரியக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

சேர்ந்து வாழ்வதை யார் தடுத்தார்கள், 2018-லேயே தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை இந்த விஷயத்தில் ரத்துசெய்துவிட்டார்களே, காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் சின்னக்காவின் அந்தக் கேள்விதான். வெடிமருந்தோடு வேலை செய்கிறவர்களுக்குக் காகிதம் அலங்காரம் அல்ல.

22.10.2023, ஞாயிறு

அம்மாச்சியிடம் அவள் கல்யாணக் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னேன். 1958, ஐயர் இல்லை, அக்கினி இல்லை, தாத்தாவும் அவளும் மாலை மாற்றிக்கொண்டார்கள். "நீ வச்சுக்கிட்டவதானே" என்று பங்காளி வீட்டார் காது கேட்கவே பேசியிருக்கிறார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ல் சொல்லியிருந்தது.

இத்தனைக்கும் அந்தத் திருமணம் பிறந்ததே எங்கள் பக்கம். பெரியார் 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் நடத்திவைத்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஆயிரக்கணக்கான ஜோடிகள் சட்டம் ஒப்பாமலே குடும்பம் நடத்தினார்கள். 1967-ல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினால் போதும், அல்லது மோதிரம், அல்லது தாலி. முன்பே நடந்த திருமணங்களும் செல்லும். ஒரே சட்டத்தில் அம்மாச்சி மனைவியானாள், என் அம்மா முறையான மகளானாள். நீதிமன்றம் முடியாது என்றதைச் சட்டமன்றம் செய்தது.

இந்த ஆகஸ்டில், வழக்கறிஞர்கள் நடத்திவைக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று தீர்ப்பளித்த அமர்விலும் ரவீந்திர பட் இருந்தார். ஊர்கூட்டாமல் இருவர் தங்கள் விருப்பத்தால் செய்துகொள்ளும் திருமணத்தை மதிக்கத் தெரிந்தவர்தான் செவ்வாய்க்கிழமை அதற்கு மேல் ஓர் அடி வைக்க மறுத்தார். எனக்கு அது வலிக்கிறது.

23.10.2023, திங்கள்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து மையத்தை மூடினேன். ரெங்கபாளையம் போய்வந்தவர்கள் சொன்னதை எழுத மனம் வரவில்லை.

26.10.2023, வியாழன்

அக்காமாருக்கு இப்போதைக்குச் செய்ய முடிந்ததைச் செய்கிறோம். வீட்டுக்கு உயில் எழுதி சார்பதிவாளர் ஆபீஸில் பதிய நாள் கேட்டாயிற்று. பேங்க் கணக்குக்கு நாமினி மாற்றியாயிற்று. ஆனால் விபத்து இழப்பீடு உயிலில் அடங்காது, ஆஸ்பத்திரிக் கையெழுத்தும் அடங்காது. கல்யாணம் என்ற ஒரே பதிவு சராசரி ஜோடிக்குக் கேட்காமலே கொடுப்பதை இவர்கள் துண்டு துண்டாகச் சேகரிக்கிறார்கள், அதிலும் பாதி கிடைக்காது.

ரேஷன் கார்டு, கூட்டு வங்கிக் கணக்கு போன்றவற்றைப் பார்க்க மத்திய அரசு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு போடுமாம். போடட்டும். ஆனால் திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1967-ல் செய்ததைக் கோட்டையில் இருப்பவர்கள் இப்போதும் தொடங்கலாம். 7-ஏ பிரிவின் தொடக்கமே எந்த இரு இந்துக்களுக்கும் இடையிலான திருமணம் என்றுதான் இருக்கிறது, அடுத்த வரியில்தான் கணவன் மனைவி வருகிறது. அந்த வரியைத் திருத்தி, எல்லா மதத்தாருக்கும் பொருந்தும்படி இன்னொரு சட்டமும் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பட்டும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் மறுத்தது யார் என்று நாட்டுக்குத் தெரியட்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-ல் தூத்துக்குடித் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதியச் சொன்னபோது தமிழ்நாட்டில் ஒரு குடும்பமும் குலைந்துவிடவில்லை.

மனுவை எழுதி முடித்தேன். திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்துவிட்டு, நகலை எம்.எல்.ஏ.வுக்கும் முதல்வர் தனிப்பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். அக்காமார் பேரை எங்கும் குறிக்கவில்லை. அவர்கள் இந்த ஊரில்தான் வேலைக்குப் போயாக வேண்டும். மனுதாரர் என்ற இடத்தில் என் பேரும் என் வீட்டு முகவரியும் இருக்கிறது.